ஆந்தையின் மகன்



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது நான் பையனுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "டேய் ஆந்தை! மலருக்கு ஒரு கட்டுரை வேணும். தயவுசெய்து பம்பு, வால்வுன்னு எழுதிடாதே, நம்ம பசங்களே படிக்க மாட்டாங்க" என்றான் நண்பன். சரி, பம்பை விட்டுவிட்டேன். ஒரு பெயரைப் பற்றி எழுதுகிறேன். சரித்திரக் கட்டுரை என்று குழுவினர் தலைப்புப் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு இது வீட்டுச் சண்டையாகத்தான் ஆரம்பித்தது.

2005-ல் நாங்கள் சேர்ந்தபோது எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் கார்த்திக் மட்டும் ஐந்து பேர். அதிலும் ஆர்.கார்த்திக் இரண்டு பேர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இரண்டு குரல் ஒன்றாகக் கேட்கும், சில நாள் ஒன்றுகூடக் கேட்காது. இன்னொரு ஆர்.கார்த்திக்குக்கு ஊரிலிருந்து வந்த முறுக்குப் பார்சலை என்னுடையது என்று பிரித்து, அறைத்தோழர்களோடு தின்று தீர்த்த பிறகுதான் அனுப்புநர் முகவரியைப் பார்த்தேன். (நண்பா, இந்த மலரைப் படித்தால் மன்னித்துக்கொள். நல்ல முறுக்கு.) இந்தக் குழப்பத்தில் விடுதி ஆளுக்கொரு பட்டப்பெயரைக் கொடுத்தது. ராத்திரி மூணு மணிவரை லைட்டை அணைக்காத எனக்குக் கிடைத்தது ‘ஆந்தை’. எனக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் வகுப்பில் அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

போன வருஷம் மகன் பிறந்தான். பிறந்த மூன்றாம் நாள் அப்பா கேட்டார்: "கருப்பண்ணன்னு வெச்சுரலாமா கண்ணு?"

கருப்பண்ணன் என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. எங்கள் கொங்குப் பக்கம் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது வழக்கம். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’தானே, பாட்டனின் பெயரைச் சுமப்பவன். அந்தக் கணக்கில் கருப்பண்ணன் என்பது எனக்கு வரவேண்டிய பெயர். ஆனால் நான் பிறந்தது 1988-ல். அப்பா எங்கள் குடும்பத்தில் முதல் அரசாங்க உத்தியோகஸ்தர். ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்து ஏழு வருஷம், ‘மௌன ராகம்’ வந்து ரெண்டு வருஷம். என் பெயருக்கு முருகனைவிட அந்த நடிகர்தான் காரணம் என்று அம்மா இன்றும் சொல்வாள். அப்பாரு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். ஆனால் 2003-ல் அவர் கண் மூடும் வரைக்கும் ‘கார்த்திக்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்து நான் கேட்டதில்லை. "தம்பி", "சாமி", அதிகம் போனால் "பேராண்டி".

அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்த அப்பாவுக்கு ஒரு கட்டு ரசீது கிடைத்திருக்கிறது. குலதெய்வம் கோயிலுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் வரி ரசீது. தன் பெயருக்கு ஒன்று, மகன் பெயருக்கு ஒன்று, மூன்றாவதாகப் பேரன் பெயருக்கு ஒன்று. அந்த மூன்றாவது ரசீதில் எல்லாம் ‘பேரன் கருப்பண்ணன்’ என்று எழுதியிருந்தது. பதினைந்து வருஷத்து ரசீது! பள்ளிக்கூடத்தில் நான் கார்த்திக்காக இருந்த காலம் முழுக்க, கோயில் கணக்கில் கருப்பண்ணனாக இருந்திருக்கிறேன். அப்பா இதை இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, என் மகன் பிறந்த அன்றுதான் என்னிடம் சொன்னார்.

நண்பர்களே, இப்படி ஒருவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நான் "பாக்கலாங்கப்பா" என்றேன். அதில் சம்மதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

என் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். பழைய பெயராக இருக்கட்டும், ஆனால் சின்னதாக இருக்கட்டும், ‘ஷ்’ஷில் முடியவேண்டாம். ராத்திரி பையன் தூங்கிய பிறகு இருவரும் உட்கார்ந்து சங்க இலக்கியப் பெயர்களை அலசுவோம். கிள்ளி? "ஸ்கூல்ல போய் எல்லாரையும் கிள்ளி வெச்சுட்டு வருவான் மாமா." கீரன்? கீரைக்காரன் ஆக்கிவிடுவார்கள். சாத்தன் எவ்வளவு அருமையான பழம்பெயர்! எகிப்தில் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்று தமிழ் பிராமி எழுத்தில் இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு கால் சேர்த்தால் சாத்தான். பேயன் என்று ஒரு புலவர், ஐங்குறுநூற்றில் முல்லைத் திணையின் நூறு பாட்டும் அவருடையது. அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா எழுந்து போய் விளக்கேற்றி வைத்தாள்.

அப்படி வந்து நின்றதுதான் ஆதன். மூன்றே எழுத்து.

இந்தப் பெயரின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். சேர மன்னர்களில் பாதிப்பேர் இதைச் சுமந்தவர்கள்: உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன். ஐங்குறுநூற்றின் முதல் பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஆதனை வாழ்த்திவிட்டுத்தான் தொடங்குகிறது. சரி, ராஜாக்கள் பெயர் என்று விட்டுவிடலாம் என்றால், பானை ஓட்டிலும் அதே பெயர் வருகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறதே, அங்கே 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் பெயர் கீறிய ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அதில் ஒன்று ‘கண்ணன் ஆதன்’. கொடுமணல் அரண்மனை ஊர் இல்லை. இரும்பு உருக்கிய ஊர், கல்மணி அறுத்த ஊர். நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு தொழிற்பேட்டை. பட்டறைக்காரனோ வியாபாரியோ, தன் பானை அடுத்தவன் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று ஆணியால் கீறி வைத்திருக்கிறான். (எங்கள் விடுதியில் பக்கெட்டில் பெயிண்டால் பெயர் எழுதி வைத்தோமே, அதே கவலைதான்.) அப்புறம் கீழடி. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையிலும் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் வருகின்றன. ஆக, வைகைக் கரையிலும் ஆதன், நொய்யல் கரையிலும் ஆதன், கரூர் அரண்மனையிலும் ஆதன். அந்தக் காலத்தில் பெயர் கூப்பிட்டிருந்தால் ஒரு வகுப்பில் ஐந்து ஆதன் இருந்திருப்பார்களோ என்னவோ!

இன்று அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்து ஒரு ஆள் கிடையாது. ஊர்ப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆதனூர்கள் பல உண்டு. நந்தனார் பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊரும் ஓர் ஆதனூர்தான்.

இத்தனையையும் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது பழைய தமிழகராதியை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். விரல் ஓர் இடத்தில் இருந்தது.

"ஆதன்னா என்ன போட்டிருக்குன்னு பாத்தியா? அறிவில்லாதவன். என்ஜினீயர் பையனுக்கு இந்தப் பேரா?"

அகராதி பொய் சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்தப் பொருளும் அந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறது. ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம், இன்று மூக்கைப் பொத்துகிறோம். ‘பேயன்’ ஒரு காலத்தில் புலவர், இன்று வசவு. இப்படியெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த ராசாவுங்க எல்லாம் இருக்கட்டும் தம்பி. எங்கப்பன் பேரை என்ன பண்ணுன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பழம்பெயர், மரபுப் பெயர் என்று பெருமையாகப் பேசினேனே, அது என் வீட்டு வழியாக என்னிடம் வரவில்லை. அச்சுக்கூடம் வழியாக வந்தது. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894-ல். ஐங்குறுநூறு 1903-ல், பதிற்றுப்பத்து 1904-ல். அதற்கு முன்னால் இந்தப் பெயர்கள் ஏட்டில் இருந்தன, தொட்டிலில் இல்லை. புத்தகம் வந்தது, தனித்தமிழ் இயக்கம் வந்தது, வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். திராவிட இயக்கம் வளர்ந்த நாளில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆனார்கள். அவர்களைப் பார்த்து ஊரெல்லாம் பாரி, கரிகாலன், செங்குட்டுவன், இளங்கோ என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது. நம் பேராசிரியர்களின் தலைமுறையில் இந்தப் பெயர்கள் எவ்வளவு சகஜம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தச் செங்குட்டுவன்களின் தாத்தா பெயர் என்னவாக இருந்திருக்கும்? முத்துசாமி, பழனியப்பன், கருப்பண்ணன் இப்படித்தான். ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அறுபடாமல் வந்த பெயர் அது. அப்பா என்னைக் கேட்டது அதைத்தான். அந்தச் சங்கிலி அறுந்தது அவர் கையில். ரெண்டாம் தடவை என் கையில் அறுபட வேண்டாம் என்பது அவர் தவிப்பு.

பேசாமல் வீட்டில் கருப்பண்ணன், ரிக்கார்டில் ஆதன் என்று வைத்துவிடலாமே என்று மாமனார் யோசனை சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அப்பா செய்ததும் அதேதானே? ரிக்கார்டில் இல்லாத பெயர், கூப்பிடுகிற ஆள் போனதும் கூடவே போய்விடுகிறது. அப்பாரு ரசீதில் எழுதி வைக்காமல் போயிருந்தால் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரிந்திருக்காது.

நாள் ஓடியது. பிறப்புச் சான்றிதழைப் பெயர் இல்லாமலே வாங்கிவிடலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். (அதற்கு மேல் போனாலும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. கல்யாணமான நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.) பத்து மாதம் போய்விட்டது. பையனைப் பாப்பு, குட்டி, தங்கம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் கூப்பிட்டோம். அவனும் எல்லாவற்றுக்கும் திரும்பினான்.

பதினோராம் மாதம் கரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும்போது, சேலம் சாலையில் காவிரிக்கு இந்தப் பக்கம் வேலாயுதம்பாளையத்தில் காரை நிறுத்தினேன். மலைமேல் முருகன் கோயில் இருப்பதால் அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். ஆனால் நான் காட்ட நினைத்தது கோயிலை அல்ல, அங்கே இருக்கும் சமணர் படுக்கையை. புகளூர்க் கல்வெட்டு என்று புத்தகங்களில் வருமே, அது இந்த மலைதான். ஆறுநாட்டார் மலை என்றும் சொல்வார்கள்.

கரடுமுரடான பாறை. கீழே துறவிகள் படுக்க வெட்டிய கல் படுக்கைகள். யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமண முனிவருக்காக இடம் செய்து கொடுத்த செய்தி அங்கே பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. கொடுத்தவன் இளங்கடுங்கோ, அவன் இளவரசன் ஆன சமயத்தில். அவன் யாருடைய மகன்? பெருங்கடுங்கோனின் மகன். அந்தப் பெருங்கடுங்கோன் யாருடைய மகன்? கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன். பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகள் பாடும் மூன்று அரசர்களும் இவர்களே என்று ஐராவதம் மகாதேவன் கண்டு சொன்னார். ஏட்டில் இருந்த பெயர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. அதே மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் பெயரும் இருக்கிறது. தானம் செய்தவர் எல்லாருக்கும் பாறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அப்பா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து அவருக்குப் புரியவில்லை. எனக்கும் நேரடியாகப் படிக்கத் தெரியாது, புத்தகத்தில் பார்த்ததை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். பையன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப பாட்டன், அப்பன், மகன்னு மூணு பேரையும் ஒரே வரியில எழுதி வெச்சிருக்கானா?"

"ஆமாங்கப்பா."

"பாட்டன் பேரை முன்னால போட்டா?"

"ஆமாங்கப்பா. கொடுமணல் ஓட்டுலயும் அப்படித்தான். கண்ணன் ஆதன்னா, கண்ணனோட பையன் ஆதன்னு அர்த்தம் சொல்றாங்க. நம்ம இனிஷியல் மாதிரி. இனிஷியல்ல முதல் எழுத்து மட்டும் இருக்கும், அவங்க முழுப் பேரையும் எழுதியிருக்காங்க."

கீழே இறங்கி வரும்வரை அவர் பேசவில்லை. காரில் ஏறி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்கப்பன் பேரையும் அப்படி முன்னால எழுதிரு. பின்னால நீ உன்னோட ராசா பேரை வெச்சுக்கோ."

பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "கருப்பண்ணன் ஆதன்... சார், உங்க பேரு கார்த்திக்னு இருக்கு. கருப்பண்ணன் யாரு?" என்றார். கொள்ளுத்தாத்தா என்றேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு டைப் செய்தார். மூன்று தலைமுறை தாண்டி ஒரு பெயர் கம்ப்யூட்டரில் ஏறியது. என் பெயர் அதில் இல்லை, தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை, கார்த்திக்குக்கு நாட்டில் பஞ்சமா?

ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் "ஆதவனா?" என்கிறார்கள். ஆபீசில் ஓர் இஸ்லாமிய நண்பர், "எங்க பாங்கு சொல்றதுக்கு அரபியில அதான்னு பேரு, கிட்டத்தட்ட அதே சத்தம். நல்ல பேரு" என்று பையனை முத்தமிட்டார். இந்த வருஷம் குலதெய்வம் கோயிலில் அப்பா வரி கட்டினார். மூன்றாவது ரசீதில் ‘பேரன் கருப்பண்ணன் ஆதன்’ என்று எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். அது இப்போது அந்தப் பழைய கட்டோடு சேர்ந்துவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெயரை எல்லாம் பதிவு செய்து முடித்த பிறகுதான் தொல்காப்பியத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியல். ஒரு பெயரோடு ‘தந்தை’ என்ற சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே விதி இருக்கிறது. நம்ம தெருவில் ‘பிரியா அப்பா’, ‘முருகன் அப்பா’ என்று கூப்பிடுகிறோமே, அதற்கு அந்தக் காலத்து இலக்கணம் அது. சாத்தனுடைய தந்தை சாத்தந்தை. கண்ணனுடைய தந்தை கண்ணந்தை. எங்கள் கொங்கு நாட்டுக் கூட்டப் பெயர்களில் இந்த இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கின்றன. ஆதன், பூதன் என்ற இரண்டு பெயருக்கு மட்டும் தனி விதி. அவை இன்னும் சுருங்கும். பூதனுடைய தந்தை பூந்தை. ஆதனுடைய தந்தை...

ஆந்தை.

சத்தியமாக, நண்பர்களே, எனக்கு முன்னால் தெரியாது! ராத்திரி ஒரு மணிக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன், மனைவி எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பிசிராந்தையார் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை படித்திருப்போம்! பிசிர் என்ற ஊர்க்காரர் அந்த ஆந்தையார். கோப்பெருஞ்சோழனைக் கண்ணால் பார்க்காமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்தபோது தேடி வந்து உயிர் விட்டவர். தன் பெயரை யாராவது கேட்டால் தன் நண்பனாகிய சோழனின் பெயரைச் சொல்வாராம். அதைச் சொன்னவனும் அந்தச் சோழனே. எங்கள் ஊர்ப்பக்கம் ஆந்தை கூட்டம் என்று ஒன்று உண்டு. அவர்களில் பலர் அது பறவைப் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் பதினெட்டு வயதில் பறவையை நினைத்துத்தான் எனக்கு வைத்தீர்கள்.

நம் சந்திப்பு நாளன்று பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். இரண்டாவது ஆர்.கார்த்திக் வருவதாக இருந்தால் யாராவது முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள், ரெண்டு கிலோ முறுக்கு வாங்கி வரவேண்டும். வாசலில் என்னைப் பார்த்ததும் என்ன சொல்லிக் கத்துவீர்கள் என்று தெரியும். தாராளமாகக் கூப்பிடுங்கள். தொல்காப்பியப்படி இப்போது அது சரிதான்.